வி-07 என்கிற தட்டு நாள்

அண்ணி: முதல்ல அதைச் சொல்லு. யாரு ஜெயிச்சா?

நாத்தனார்: செருப்பைக் கழட்ட விடுங்க அண்ணி.

அண்ணி: செருப்போடவே சொல்லு. மத்தியானத்துலேர்ந்து இந்தக் கட்டுப்போட்ட காலை வெச்சுக்கிட்டு சுவத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்தப் பல்லி கூட ரெண்டு தடவை வெளியூர் போயிட்டு வந்துடுச்சு.

நாத்தனார்: தண்ணி...

அண்ணி: சொம்பு உன் பின்னாடிதான் இருக்கு. குடிச்சுக்கிட்டே தலையை ஆட்டு. ஜெயிச்சோமா, தோத்தோமா?

நாத்தனார்: ஆட்ட மாட்டேன். நானூறு பேர் முன்னாடி எழுந்து நின்னு பேசிட்டு வந்திருக்கேன். அதை ஒரு தலையாட்டல்ல முடிச்சுக்கச் சொல்றீங்களே, இது நியாயமா?

அண்ணி: சரி, வரிசையாவே சொல்லித் தொலை.

அண்ணன்: என்ன ஜெயிச்சா, தோத்தா? உங்க பட்டன் ஃபேக்டரியில தேர்தலா?

அண்ணி: நீங்க வீட்லயா இருக்கீங்க?

அண்ணன்: வேற எங்க இருப்பேன்? பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு வந்து பின்பக்கம் துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன். நீ படியில விழுந்தாலும் விழுந்தே, ஒரு டிரைவருக்கு வேலை உயர்வு கிடைச்சுடுச்சு.

நாத்தனார்: லீவு விஷயம்ணே. எங்க முதலாளி சின்னவர் இன்னிக்கு எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டிருந்தார்.

அண்ணன்: அந்தச் சுற்றறிக்கையா? இவ பத்து நாளா அதையே புலம்பிக்கிட்டு இருக்கா. எனக்கு ஒண்ணும் புரியலை.

நாத்தனார்: பையிலதான் இருக்கு, கேளு... "நமது நிறுவனத்தில் விடுமுறைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இத்துடன் முடிவுக்கு வருகிறது. பெயர் என்பது உணர்ச்சி. தேதி என்பது ஒழுங்கு. உணர்ச்சியால் உயர்ந்த நிறுவனம் உலகில் இல்லை."

அண்ணன்: அடேயப்பா. சின்னவரே எழுதினதா?

நாத்தனார்: கையெழுத்து அவரோடது. சரக்கு லேப்டாப்போடது.

அண்ணன்: யாரு லேப்டாப்?

அண்ணி: ஆலோசகராம். பெரியவர் போனதும் மகன் அந்த நாற்காலியில உட்கார்ந்தாரில்ல, அப்பவே கூட்டிக்கிட்டு வந்துட்டார். வயசு இருபத்தேழு இருக்கும். லேப்டாப்பை மூடி நாங்க யாரும் பார்த்ததில்லை. நான் மட்டும் ஆபீஸ்ல இருந்திருந்தா இந்தக் காகிதம் அறிவிப்புப் பலகைக்கே போயிருக்காது. இருபத்திரெண்டு வருஷமா லீவு லிஸ்ட் என் கையால போற காகிதம்...

நாத்தனார்: கேளுண்ணே. புது வருஷம் இனிமே வி-01. ஃபேக்டரி திறந்த நாள் வி-03. பெரியவர் நாள் வி-04. இப்படியே வி-12 வரைக்கும். வாயால சொல்றதா இருந்தா தேதியைச் சொல்லணும். பேரைச் சொன்னா மேற்பார்வையாளர் எழுதிக்குவார்.

அண்ணன்: தேதி சொன்னா என்ன கெட்டுப்போச்சு? எங்க டிப்போவுல எல்லாமே தேதிதான். குழப்பமே கிடையாது.

நாத்தனார்: பேர் இருக்கிற ஆளை வீட்டை விட்டு அனுப்பிப் பாரு, ஊரே ஏன்னு கேட்கும். நம்பரை அழிச்சா யாரு கேட்பா?

அண்ணன்: யாரு அழிக்கப் போறா இப்போ?

நாத்தனார்: பின்பக்கம் படிக்கிறேன். "காரணம் பதிவாகாத விடுமுறைகள், உற்பத்தி நலன் கருதி, அருகில் உள்ள ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்தப்படலாம்." பன்னிரண்டுல காரணம் பதிவாகாதது ஒண்ணே ஒண்ணுதான். வி-07. ஆகஸ்ட் பதினேழு.

அண்ணன்: அது... தட்டு நாளாச்சே.

அண்ணி: இப்பப் புரிஞ்சுதா?

அண்ணன்: தட்டு நாளையா தொடுறானுங்க? அந்த நெருப்பை நான் கண்ணால பார்த்தவன். விடியக்காலை முதல் ட்ரிப்பு. உங்க பழைய ஷெட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புறேன், ஒரே புகை. கரண்ட் இல்லை, சங்கு ஊதலை. ஒரு பொம்பளை சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக்கிட்டே ஓடுறா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் உள்ளே இருந்தவங்க அத்தனை பேரும் வெளியில வந்தாங்க. பஸ்ல இருந்தவங்க கூட இறங்கி நின்னு பார்த்தாங்க... ஏன்மா, உனக்கு என்ன புரையேறுது?

நாத்தனார்: தண்ணி... வேகமா குடிச்சுட்டேன்ணே.

அண்ணி: போன வருஷம் பஸ்ல ஆளே இல்லைன்னீங்க.

அண்ணன்: ரெண்டு மூணு பேர் இருந்தாங்க. அதை விடு. ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினாலும் ஒரு நாள் லீவுதானே உங்களுக்கு?

நாத்தனார்: ஞாயித்துக்கிழமை ஏற்கெனவே ஞாயித்துக்கிழமைண்ணே.

அண்ணி: இவருக்கு நான் சொல்றேன். ஃபேக்டரி திறந்த நாள், பெரியவர் நாளெல்லாம் விழான்னு அங்கேயே வரச் சொல்லிடுவாங்க, மத்த லீவெல்லாம் ஊருக்கே லீவு. அன்னிக்கு நீங்க வீட்ல, பிள்ளைங்க வீட்ல, உங்க தம்பி குடும்பம் நம்ம வீட்ல. அடுப்பு காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்கும். தட்டு நாள் எங்க ஃபேக்டரிக்கு மட்டும்தான் லீவு. நீங்க பஸ்ஸுக்குப் போயிடுவீங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிடும். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் வீட்ல நான் மட்டும்.

அண்ணன்: என்ன பண்ணுவே?

அண்ணி: ஒண்ணும் பண்ண மாட்டேன். அதுதான் லீவு.

நாத்தனார்: நான் என் வீட்ல பத்தரை வரைக்கும் தூங்குவேன். எழுந்து, எதிர்ல யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டு மறுபடி தூங்குவேன். நானூறு பொம்பளைங்களுக்கும் இதே கதைதான். முந்தின நாள் சாப்பாட்டு நேரத்துல கேன்டீன்ல எல்லாரும் தட்டைத் தட்டுவோம் பாரு, அது ஏதோ நினைவஞ்சலின்னு ஆபீஸ்காரங்க நினைச்சுக்குவாங்க. பாதி அஞ்சலி, மீதி சந்தோஷம்.

அண்ணன்: அப்போ போராட்டம் பண்ணியிருக்கணும்.

நாத்தனார்: பண்ணத்தான் கிளம்பினோம். அண்ணிதான் படுத்துக்கிட்டே ஃபோன்ல தடுத்துட்டாங்க. எதிர்த்தா அவனுக்கு ஒரு எதிரி கிடைச்சுடுவான், பெரிய ஆளாயிடுவான். சொன்னதை ஒரு புள்ளி பிசகாம செய்யுங்க, அவனே தலையைப் பிய்ச்சுக்குவான்னாங்க.

அண்ணன்: பிய்ச்சுக்கிட்டாரா?

நாத்தனார்: போன வாரம் அவரோட பிறந்த நாள். சின்னவர் நாள்னு அவரே அரை நாள் லீவு விட்டிருக்கார், கேன்டீன்ல கேக் வெட்டுவார். கேக் வாங்கற பொறுப்பு பட்டனுக்கு ஓட்டை போடற எங்க ட்ரில் செக்‌ஷனோடது. மேல என்ன எழுதச் சொன்னோம் தெரியுமா? "11/6 வாழ்க."

அண்ணன்: ஐயையோ.

நாத்தனார்: வரிசையில நின்னு ஒவ்வொருத்தியா கை கொடுத்தோம். இனிய பதினொண்ணு பை ஆறு ஐயா, இனிய பதினொண்ணு பை ஆறு ஐயான்னு. நாப்பதாவது ஆள் வர்றப்போ, இன்னிக்கு என் பிறந்த நாளும்மான்னு மெதுவாச் சொன்னார். அட்டையில பட்டன் தைக்கிற அம்மா இருக்காங்கல்ல, அவங்க காதுகிட்ட போய், பேரைச் சொன்னா உணர்ச்சி வந்துடும் ஐயா, மேற்பார்வையாளர் எழுதிக்குவார்னாங்க.

அண்ணன்: கேக் வெட்டினாரா?

நாத்தனார்: வெட்டினார். ஆறை மட்டும் வெட்டித் தின்னுட்டுப் போயிட்டார்.

அண்ணி: இன்னிக்குக் கதைக்கு வாடி.

நாத்தனார்: வர்றேன், வர்றேன். ஹால்ல மேடை. பின்னாடி பெரியவரோட ஆளுயரப் படம். முன்னாடி சின்னவர், கோட்டு. பக்கத்துல லேப்டாப். சுவத்துல வெளிச்சம் அடிச்சு ஒவ்வொரு லீவா காட்டறான். வி-03 வந்துச்சு. அஞ்சு பை மூணுன்னு போட்டிருந்துச்சு. சின்னவர் கம்பை வெச்சுத் தட்டி, பாருங்கள், எவ்வளவு தெளிவு, மார்ச் மாதம் ஐந்தாம் தேதின்னார்.

அண்ணி: திறந்தது மே மாசம் மூணுல்ல?

நாத்தனார்: அதைத்தான் லேப்டாப் காதுல சொன்னான். மாசத்தை முன்னாடி எழுதறதுதான் உலக வழக்கம் சார்னு. மைக் ஆன்ல இருந்துச்சு. எந்த உலகம்னு இவர் கேட்க, பெரிய உலகம்னு அவன் சொல்ல... அப்பா ஃபேக்டரி திறந்த நாள் எதுன்னு மகனுக்கும் ஆலோசகனுக்கும் ரெண்டு நிமிஷம் வாக்குவாதம். நாங்க நானூறு பேரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். குழப்பமே இல்லாத தேதியாச்சே.

அண்ணன்: இதோட முடிஞ்சிருக்குமே.

நாத்தனார்: அப்படித்தான் நாங்களும் நினைச்சோம். அடுத்தது வி-07 வந்துச்சு. பக்கத்துல ஒரு அம்புக்குறி. அம்பு நுனியில ஞாயிறு.

அண்ணி: யாராவது எழுந்தாங்களா?

நாத்தனார்: பட்டனுக்குப் பாலிஷ் போடற டிரம் ஓட்டற அம்மா எழுந்தாங்க. நெருப்புல உயிர் பிழைச்ச நாளை நகர்த்தறீங்களே ஐயான்னாங்க. அப்பத்தான் லேப்டாப் எழுந்தான். எழுந்து... ஒரு ஃபைலைத் தூக்கிக் காட்டினான்.

அண்ணி: ஃபைலா? எந்த ஃபைல்?

நாத்தனார்: பழைய மஞ்சள் ஃபைல்.

அண்ணி: அதுல என்னென்ன இருந்துச்சுன்னு சொன்னானா? எல்லாக் காகிதத்தையும் பார்த்தானா?

நாத்தனார்: பதறாதீங்க. தட்டு நாள் முதல்ல ஏறின வருஷத்து லீவு லிஸ்ட் மட்டும்தான் வெச்சிருந்தான். பெரியவர் கையெழுத்துப் போட்டது.

அண்ணன்: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

அண்ணி: கால் வலிக்குது. நீ சொல்லுடி.

நாத்தனார்: தீயணைப்பு நிலையத்துல கேட்டேன், அப்படி ஒரு தீயே பதிவுல இல்லைன்னான். ஆஸ்பத்திரியில கேட்டேன், காயம்னு ஒருத்தரும் வரலைன்னான். அந்தத் தட்டைத் தட்டின பெண் யாருன்னு இங்க யாருக்காவது தெரியுமான்னு கேட்டான்.

அண்ணன்: என்னைக் கூப்பிட்டிருக்கணும்.

நாத்தனார்: நீ ஒருத்தன்தான் பாக்கி. பாலிஷ்காரம்மா சட்டுனு கைச்சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாங்க. இது என்ன, பூவான்னு கேட்டாங்க. உடனே அட்டைக்காரம்மா, அந்தப் பொண்ணு எங்க மேசையிலதான் இருந்தா, வெளியூர் போயிட்டா, நல்லா சிரிப்பான்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதுக்குள்ள கதவுகிட்டேர்ந்து கேட் வாட்ச்மேன், அன்னிக்குக் கேட்டைத் திறந்துவிட்டதே நான்தான்னார்.

அண்ணன்: அந்த ஆள் வேலைக்குச் சேர்ந்தே பத்து வருஷம்தானே ஆகுது, நெருப்பு அதுக்கும் ரொம்ப முன்னாடியாச்சே?

நாத்தனார்: லேப்டாப்பும் அதையே கேட்டான். அப்போ நான் வெளியிலேர்ந்து திறந்தேன்னார்.

அண்ணன்: பொய். வெளியில நின்னது நான். அவரை நான் பார்க்கவே இல்லை.

அண்ணி: நீங்க சும்மா இருங்க. அப்புறம்?

நாத்தனார்: லேப்டாப் சிரிச்சான். ஆதாரம் இல்லாத நாள், எனவே நகர்த்தத்தக்க நாள்னான். சின்னவர் பேனாவை எடுத்துட்டார் அண்ணி. மூடியைக் கழட்டிட்டார். காகிதம் முன்னாடி இருக்கு. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, நம்ம பத்தரை மணித் தூக்கம் போச்சு. நான் எப்படி எழுந்தேன்னே தெரியலை.

அண்ணி: என்ன சொன்னே?

நாத்தனார்: கும்பிடு போட்டேன். ஐயா, நீங்க சொல்றது சரிதான், ஆதாரம் இல்லைன்னா இல்லைதான், நகர்த்திடுங்கன்னேன். சுத்தி இருந்தவளுங்க என்னை முறைச்சாங்க.

அண்ணன்: ஏன் அப்படிச் சொன்னே?

நாத்தனார்: இரு. ஒரே ஒரு சந்தேகம் ஐயான்னேன். அந்த லிஸ்ட்ல கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறது யாருன்னு கேட்டேன். அப்பான்னார். உங்க அப்பா படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடறவரான்னு கேட்டேன்.

அண்ணி: கேட்டியா... அந்தப் படத்துக்கு முன்னாடியா?

நாத்தனார்: படத்தைப் பார்த்துக்கிட்டேதான் கேட்டேன். இல்லாத நெருப்புக்கு லீவு விட்டார்னா, பெரியவர் கண்ணை மூடிக்கிட்டு நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கார்னு ஆகுது. அதை நீங்க சொல்லிட்டா நாங்க எழுதிக்கறோம், வி-04 படத்தையும் இன்னிக்கே இறக்கிடலாம்னேன்.

அண்ணன்: வி-04...

நாத்தனார்: பெரியவர்ணே. சுற்றறிக்கைப்படி அவர் பேரு இனிமே அதுதானே.

அண்ணி: ஹால்ல?

நாத்தனார்: சின்னவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழட்டி, கர்ச்சீப்பால கண்ணை ஒத்திக்கிட்டார். அப்புறம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு... "அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அப்பா வீட்டுக்கு வந்தார். சாப்பிடவில்லை. தட்டை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்."

அண்ணி: இதைச் சின்னவரா சொன்னார்?

அண்ணன்: பெரிய மனுஷன். எப்பேர்ப்பட்ட மனசு.

நாத்தனார்: அழுதுட்டாங்க அண்ணி, பாதிப் பேர் நிஜமாவே அழுதுட்டாங்க. பாலிஷ்காரம்மா தழும்பைத் தடவிக்கிட்டே அழறாங்க. லேப்டாப் என்ன பண்றதுன்னு தெரியாம லேப்டாப்பை மூடிட்டான்.

அண்ணி: மூடிட்டானா?

நாத்தனார்: நானூறு பேர் சாட்சி. சின்னவர் காகிதத்தை நாலாக் கிழிச்சார். நம் நிறுவனத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பெயர் உண்டு, ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு கண்ணீர் உண்டுன்னார். புது வருஷத்துக்கு என்ன கண்ணீர்னு யாரும் கேட்கலை. பன்னிரண்டு லீவுக்கும் பேர் திரும்ப வந்தாச்சு. தட்டு நாளை யாரும் எந்தக் காலத்துலயும் நகர்த்த முடியாதுன்னு தனியா ஒரு சுற்றறிக்கை. அதோட, முந்தின நாள் அரை நாள் வேற.

அண்ணி: அரை நாளா?

நாத்தனார்: ஒண்ணரை நாள் அண்ணி இனிமே. இன்னும் முடியலை. கேட்டுல பித்தளையில ரெண்டடி அகலத்துக்கு ஒரு தட்டு மாட்டறாங்க. லேப்டாப் வேலையில இருக்கான், ஆனா தட்டு நாள் வரலாறு எழுதற வேலை. வர்றவங்க போறவங்களை எல்லாம் நிறுத்தி, நீங்க எங்கே நின்னீங்கன்னு கேட்டு எழுதிக்கறான். நான் கிளம்பறப்பவே அறுபது பக்கம் ஆயிடுச்சு. தட்டைத் தட்டினதா இதுவரைக்கும் பதினோரு பேர் ஒத்துக்கிட்டாங்க.

அண்ணன்: என்னை அவன் பார்க்கணுமே. பஸ்லேர்ந்து முதல்ல பார்த்தவன் நான். அதுல என் பேர் வர வேண்டாமா?

நாத்தனார்: நாளைக்கு வா, கூட்டிக்கிட்டுப் போறேன்.

அண்ணன்: நாளைக்கு என்ன நாளைக்கு... முதல்ல டீக்கடையில சொல்லிட்டு வர்றேன். அங்க ஒருத்தன் எப்பவும் என்னை நம்ப மாட்டான். சின்னவரே மைக்ல சொல்லிட்டார்னு சொன்னா வாயை மூடிக்குவான். துணி பிழிஞ்சு வெச்சிருக்கேன்மா, நீ கொஞ்சம் காயப் போட்டுடு.

நாத்தனார்: போண்ணே, நான் பார்த்துக்கறேன்.

அண்ணி: போயிட்டாரா?

நாத்தனார்: தெருமுனையைத் தாண்டிட்டார். கையை வீசி வீசிப் பேசிக்கிட்டே போறார்.

அண்ணி: யாரோட?

நாத்தனார்: யாருமில்லை. ஒத்திகை பார்க்கறார்.

அண்ணி: கடவுளே. இந்த மனுஷன்கிட்ட சொல்லிடலாம், சொல்லிடலாம்னு இருபத்திரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. இனிமே எப்படிடி சொல்றது? புகையைக் கண்ணால பார்த்தவருகிட்ட நெருப்பே இல்லைன்னு சொன்னா நம்புவாரா?

நாத்தனார்: பெரியவர் அழுததையே சின்னவர் பார்த்துட்டார், நீங்க வேற.

அண்ணி: எங்கே அழுதார்? படிச்சிருந்தாத்தானே அழறதுக்கு. நான் டைப் அடிச்சுக் கொண்டுபோய் நீட்டினேன், தலையைத் தூக்காம ஒரே கோடு இழுத்தார். லிஸ்ட் ஒட்டின மறுநாளே யாரோ அவருகிட்டயே போய், தட்டு நாள்னா என்னங்கய்யான்னு கேட்டாங்க. மீசையைத் தடவிக்கிட்டு, அது மிக முக்கியமான நாள்னு சொல்லி அனுப்பிட்டார். நீதான் தண்ணிக்குழாய்கிட்ட நின்னு கதை கட்டி நெருப்பை வெச்சே.

நாத்தனார்: வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, ஆபீஸ்ல டைப் அடிக்கறது உங்க அண்ணிதானேன்னு. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம் கூட ஆகலை உங்களுக்கு. காட்டிக் கொடுக்கவா முடியும்? பாலிஷ்காரம்மா தழும்பு போன வருஷம் எண்ணெய் தெறிச்சது. நான் வெச்ச நெருப்புல அதுவும் சேர்ந்துக்கிச்சு.

அண்ணி: சிரிக்க வெக்காதே, கட்டுக்குள்ள வலிக்குது.

நாத்தனார்: ஆகஸ்ட் பதினேழு, நீங்கதான் மேடையில முதல் பேச்சாம். அந்த நாளைத் தன் கையால் பட்டியலில் சேர்த்த அம்மையார்னு உங்க பேரைப் போடப் போறாங்க.

அண்ணி: உண்மையைத்தானே போடறாங்க, போடட்டும். கட்டைப் பிரிச்சுடுவாங்க, நின்னுக்கிட்டே பேசறேன்.

நாத்தனார்: ரொம்ப நாளா ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். கேன்டீனுக்குப் புதுத் தட்டு ஆர்டர் போட்ட காகிதத்தை அந்த மஞ்சள் ஃபைல்ல வெச்சீங்க, தட்டு வர்ற நாளை மறந்துடக் கூடாதுன்னு நோட்டுல 'தட்டு நாள்'னு குறிச்சீங்க. அதையும் சேர்த்து லீவு லிஸ்ட்ல டைப் அடிச்சிட்டீங்க. சரி, அந்தத் தட்டெல்லாம் அன்னிக்கு வந்துச்சா, இல்லையா?

அண்ணி: எப்படி வரும்? லாரிக்காரன் நானூறு தட்டோட வந்து கேட்டுகிட்ட ஹாரன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டான். உள்ளே யாருமே இல்லை. லீவாச்சே.